நன்னன் நாட்டு நடை

இளைஞரை அணி சேர்த்துக் காட்டுக்குள் அழைத்துச் செல். பகலில் நடக்கப் பழக்கு, இரவில் தங்கப் பழக்கு. வழி தவறினால் செய்வது என்ன என்று முன்கூட்டியே சொல்லிக் கொடு. ஒருவரை ஒருவர் காத்து நடக்கச் சொல். இவ்வாறு பயிற்சிப் பாசறை ஒன்றுக்கு யாரேனும் திட்டம் தீட்டிக் கொண்டு வந்தால், நம் நாட்டுக் கற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "இது எந்த மேனாட்டார் முறை?" என்பதாகவே இருக்கும். மேல்நாட்டிலிருந்து வந்தது என்றால் மதிப்பு. வடநாட்டிலிருந்து வந்தது என்றால் வணக்கம். நம் வீட்டுப் பரணில் கிடந்தது என்றால் ஏளனம்! அடிமைப்பட்ட அறிவுக்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுமோ?

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் என்றோர் ஊர் உண்டு. சேயாற்றின் கரையில், மலைகள் சூழக் கிடக்கும் ஊர். இன்று பேருந்தில் கண்ணயர்ந்தபடி அதைக் கடந்து செல்வோர் பல்லாயிரவர். அந்த ஊருக்குச் செங்கண்மா என்று பெயர் வழங்கிய காலத்தில், அங்கே நன்னன் சேய் நன்னன் என்னும் குறுநில மன்னன் ஆண்டிருந்தான். அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு மலையையும் காட்டையும் கடந்து போகும் வழியைச் சொல்கிறான். அந்த வழிச்சொல்தான் 'மலைபடுகடாம்'. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அடிகள் 583. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடி நீண்ட பாட்டு. கூத்தராற்றுப்படை என்றும் அதற்கொரு பெயர் உண்டு.

பள்ளியில் இதனை நாம் என்னவென்று சொல்லிக் கொடுக்கிறோம்? ஆற்றுப்படை நூல் ஐந்தனுள் ஒன்று, ஆசிரியர் பெயர் இன்னது, அடிகள் இத்தனை, இரண்டு மதிப்பெண்! அத்தோடு முடிந்தது. அது காட்டுவழிப் பயணத்துக்குக் கட்டளை வகுத்த நூல் என்பதையும், கூட்டமாய் நடப்போர்க்குப் பகலின் ஒழுங்கையும் இரவின் ஒழுங்கையும் பிரித்துரைத்த நூல் என்பதையும் எந்த மாணவனுக்கு எடுத்துரைத்தோம்?

தீவிலே பிறந்த திட்டம்

மேனாட்டார் செய்ததையும் பார்ப்போம். பிறர் பெருமையை மறைத்துத்தான் நம் பெருமையை நாட்ட வேண்டும் என்னும் நிலை நமக்கில்லை. 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே பிரவுன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் என்னும் படைத்தலைவர் ஏறத்தாழ இருபது சிறுவரை அழைத்துச் சென்று பாசறை அமைத்தார். செல்வர் பள்ளிச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அங்கே ஒன்றாய் உண்டனர், ஒன்றாய் உறங்கினர். தடம் பார்த்து நடக்கவும், நெருப்பு மூட்டவும், இரவிலே காவல் காக்கவும் கற்றனர். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. சாரணர் இயக்கம் பிறந்தது.

அந்த இயக்கம் 1909-இல் இந்தியாவுக்கு வந்தது. வந்தபோது யாருக்காக வந்தது? வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்! இந்நாட்டுக் காட்டில் நடக்க இந்நாட்டுச் சிறுவனுக்கு இடமில்லை. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அம்மையாரின் அரசியலோடு நம் இயக்கத்தாருக்கு இருந்த மாறுபாடு ஊரறிந்தது. அதே 1916-இல்தான் அவர் அரசியலுக்கு எதிர்முனையில் நின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. ஆயினும், பூட்டிய கதவைத் தட்டியவர் என்ற வகையில் அவர் செய்த அந்த ஒன்றைப் பாராட்டத் தயங்கோம். பின்னர், நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7 அன்று பல சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. அதற்கு முன்பே, 1948-இல், தேசிய மாணவர் படையும் தோன்றிவிட்டது.

இது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வரலாறு. இனி நம் வரலாற்றைப் பார்ப்போம்.

பகலுக்கு ஒரு நெறி

நன்னனைக் காணச் செல்லும் கூட்டம் எத்தகையது? படைவீரரின் கூட்டமன்று. முழவும் குழலும் கொம்பும் யாழும் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து வரும் கலைஞர் கூட்டம். ஆடவர் இருக்கின்றனர்; ஆடலும் பாடலும் வல்ல விறலியர் இருக்கின்றனர்; சிறு பிள்ளைகள் இருக்கின்றனர். கல்லிலே நடந்து நடந்து விறலியரின் அடிகள், ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போலத் துவண்டு கிடக்கின்றன என்கிறார் புலவர். பெண்ணின் அடியைத் தாமரை என்று பாடிப் பழகிய பிற்காலப் புலவர் கூட்டத்தில், நடந்த அடியின் நோவைக் கண்ட கண் எத்தனை பேருக்கு இருந்தது?

வழி சொல்பவன் முதலில் வழியின் நிலை சொல்கிறான். எங்கே தங்கலாம், எங்கே என்ன விளைகிறது, எங்கே என்ன கிடைக்கும் என்கிறான். எள்ளும் தினையும் வரகும் அவரையும் மலைநெல்லும் இஞ்சியும் கிழங்கும் பலாவும் அவன் பட்டியலில் வருகின்றன. அடுத்து, அபாயங்களை ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்கிறான்.

புனத்தை அழிக்கும் பன்றிக்காகக் கானவர் குறுகிய வழிகளில் கற்பொறி வைத்திருப்பர். ஆதலால் இருளில் போகாதீர். பொழுது புலர்ந்தபின் போங்கள் என்கிறான். பரல் நிறைந்த பிளவுகளில் பாம்பு இருக்கும். பார்த்து, சற்றே விலகி வலப்புறமாய்ச் செல்லுங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். அது மூங்கிலை முறித்துக்கொண்டு பறந்து வரும். மரத்தை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறான்.

காட்டாற்றங்கரைக்கு வருகிறது கூட்டம். அங்கே இருண்ட கயம். யானையையும் இழுத்துக் கொள்ளும் முதலை. கால் வழுக்கும் கரை. என்ன செய்வது? மரத்தைச் சுற்றிக் கிடக்கும் பருத்த கொடியைப் பற்றிக் கொள்ளுங்கள். பிள்ளைகளை உடன் கொண்டு, ஒருவரை ஒருவர் காத்தபடி கடந்து செல்லுங்கள் என்கிறான். பாசி படிந்து அடி தளரும் இடத்தில் மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக் கொள்ளச் சொல்கிறான்.

"ஒருவரை ஒருவர் காத்து" என்பதை எண்ணிப் பாருங்கள். வலியவன் முன்னே ஓடிவிட்டு மெலியவரைப் பின்னே விட்டுவிடும் நடையை அவன் சொல்லவில்லை. கூட்டத்தின் வேகம் எது? அதில் நடக்கும் சிறு குழந்தையின் வேகம்தான்! சமுதாயம் நடக்க வேண்டிய முறையும் அதுவன்றோ?

இன்னொன்றும் சொல்கிறான். செங்குத்தான பாறைச் சரிவில் தேனடை தொங்கும், கண்ணைப் பறிக்கும், திடுமெனத் திரும்பிப் பார்க்காதீர்கள், வரிசையாய் அடி வைத்து நடக்கும் நீங்கள் அடி பிறழ்ந்து வழி மாறிவிடுவீர்கள். குன்றின் அழகைப் பாடத் தெரிந்த புலவர்தான் இதைச் சொல்கிறார். இரசிக்க ஓர் இடம் உண்டு. நடக்கும்போது நடையில் கண் வைக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் அறிந்திருக்கிறார்.

இரவுக்கு ஒரு நெறி

இருட்டிய பின்? பிள்ளைகளோடு இருளில் வழிநடக்க வேண்டா. உங்கள் வீட்டுக்குள் புகுந்தாற்போலக் கற்குகைக்குள் புகுந்து தங்குங்கள் என்கிறான். சோம்பிக் கிடக்கவும் விடவில்லை. வானம் வெளுக்கும் விடியலில் எழுந்து, காட்டினூடே போகும் செவ்விய வழியைப் பிடியுங்கள் என்கிறான். விழுந்து கிடக்கும் மரம் என்று மயங்கி மலைப்பாம்பை மிதித்து விடாதீர்கள் என்றும் எச்சரிக்கிறான்.

குறவரே மயங்கும் குன்றில் வழி தவறிவிட்டால்? இங்கேதான் அந்தப் பழந்தமிழனின் அறிவு மலைக்க வைக்கிறது. அங்குமிங்கும் அலையாதீர்கள், அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் கூடி இருங்கள், உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கிறான். ஏன்? காடு காத்து வாழும் கானவர் அவ்வொலி கேட்பர். ஆற்றில் அமிழ்வோரின் கூக்குரல் கேட்டவர்போல விரைந்து ஓடி வருவர். உண்ணப் பழம் தருவர். சூடப் பூத் தருவர். தாமே முன்னே நடந்து வழி காட்டுவர்.

இன்று உலகெங்கும் மலையேற்றப் பயிற்சி தருவோர் முதற்பாடமாகச் சொல்வது என்ன? வழி தவறினால் நில், கூடி இரு, ஊதல் ஊது, உதவி வரும். ஊதல் இருக்குமிடத்தில் முழவை வைத்துப் படியுங்கள். மலைபடுகடாம் முன்னே நிற்கும்.

கிளைவழிகள் பிரியும் இடத்துக்கும் விதி உண்டு. முன்பின் அறியாப் புதியவர் பின்னே வருவர்; ஆதலால் சந்தியைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். சாரணர் இன்று கல்லடுக்கியும் புல் முடிந்தும் தடக்குறி இடுவதைப் பாசறையில் பெருமையோடு பழகுகின்றனர். அந்தப் புல்முடிச்சு செங்கத்து மலைவழியில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது! வழி கண்டவன் தான் தப்பினால் போதும் என்று போய்விடாமல், முகமறியாதவனுக்காகக் குனிந்து புல் முடிகிறான். பண்பாடு என்று மேடையில் நாம் முழங்கும் சொல்லுக்கு இந்தப் புல்முடிச்சைக் காட்டிலும் வேறு பொருள் வேண்டுமா?

பொழுது போய் ஆட்டு மந்தைகளின் பக்கம் சேர்ந்தால், இடையர் கேளாமலே பாலும் சோறும் தருவர். தோல் விரிப்பில், தீயைத் துணையாகக் கொண்டு உறங்குங்கள் என்கிறான். மலைக்குடிகளின் வீட்டுக்குச் சென்றால் உங்கள் வீடுபோல உரிமையோடு நுழையுங்கள், உறவினர்போலப் பேசுங்கள், தினைச்சோறும் இறைச்சியும் பெறுவீர்கள் என்கிறான். "நீ என்ன சாதி?" என்ற கேள்வி அந்த வாயிலில் எழவில்லை. கூத்தன் உண்கிறான், குறவன் இடுகிறான். தீட்டு இல்லை, திரை இல்லை.

பகுத்தறிவுப் பள்ளியில் நின்று படிக்கும் நாம் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. நவிர மலையிலே உறையும் கடவுளைப் பற்றியும் அப்பாட்டில் குறிப்பு உண்டு. அந்த மலை இன்றைய பருவதமலையே என்பர் அறிஞர். தொழுது செல்லுங்கள், வீணே இசைக்கருவிகளைத் தொடாதீர்கள், மழை பொழியும் மலை அது என்று வழி சொல்பவன் கூறுகிறான். அவ்வளவே. வழிச் செலவுக்கு உண்டியல் வைக்கவில்லை. நடந்தால் வினை தீரும் என்று விலை பேசவில்லை.

கல் சொல்லும் சான்று

பாட்டைப் புலவரின் கற்பனை என்று தள்ளுவோர்க்கு மண்ணே விடை சொல்கிறது. கிளைவழிகளில் வீரர்க்கு நட்ட கற்கள் பல நிற்கும் என்று மலைபடுகடாம் சொல்கிறது. செங்கம் வட்டாரத்தில் கண்டெடுத்த நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. கற்கள் பாட்டுக்குப் பிற்பட்டவை. பல்லவர் காலத்தவை அவற்றுள் பல. ஆனால் வழக்கம் வாழையடி வாழையாய் வந்ததை அவை காட்டுகின்றன. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. வீரனோடு அவனுடைய நாயும் அதிலே செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம். கூட நடந்த நாய்க்கும் கல்லெடுத்துப் பெயர் பொறித்த மண் இது.

நடை நின்றது எதனால்?

இத்தகைய மண்ணில், கூடி நடக்கும் பழக்கம் குலைந்தது எப்படி? காடு ஒருவனுக்கு ஆகாது, கோயில் ஒருவனுக்கு ஆகாது, குளம் ஒருவனுக்கு ஆகாது, தெருவே ஒருவனுக்கு ஆகாது என்று சாதி கோடு கிழித்தது. பெண்ணுக்கு வாயிற்படியே எல்லையாயிற்று. முதலை கிடந்த ஆற்றைக் கடந்த விறலியின் பேத்திக்கு, அந்தி சாய்ந்தபின் அடுத்த தெருவுக்குப் போகத் தடை!

நடக்கும் உரிமைக்கே போராட வேண்டி வந்தது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமை கேட்டு மக்கள் கிளர்ந்தனர். தலைவர்கள் சிறைப்பட்டபோது பெரியார் ஈரோட்டிலிருந்து சென்று பொறுப்பேற்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். வீதியில் கால் வைப்பதற்குச் சிறை! 1938 ஆகஸ்ட் 1 அன்று, கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்படையில் நடந்தனர். ஊர் ஊராய்த் தங்கி, பேசி, உண்டு, உறங்கி, செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்தது படை. கூட்டமாய் நடப்பதிலே பிறக்கும் தோழமையை நம் இயக்கம் அன்று நேரிலே கண்டது. அந்த வழியிலும் ஒரு பெண் நடந்தார் என்பதை மறவாதீர்.

இன்று திருவண்ணாமலையில் நடை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 814 மீட்டர் உயரமுள்ள மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர், முழுநிலா இரவுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் நடக்கின்றனர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்தம் கால்களின் உறுதியை வியக்கிறோம். நாம் கேட்பது ஒன்றே: இத்தனை கால்கள் சுற்றிய மலையில் நிற்கும் மரங்களுள் பத்தின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் அம்மலை சரிந்து வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்கள் மாண்டன; அவருள் ஐவர் சிறுவர். வணங்கத் தெரிந்த மலையை நாம் அறியத் தவறினோம். மண் எங்கே இளகும், நீர் எங்கே ஓடும் என்ற அறிவு, சுற்றி வருவதால் மட்டும் வாராது. ஏறிப் பார்த்து, கேட்டுத் தெரிந்து கொண்டால்தான் வரும்.

அறியாமல் ஏறினாலும் கேடுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய காட்டுத் தீயில் மலையேறச் சென்ற குழுவினர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளம் பெண்கள் பலர். அந்தச் செய்தி வந்தபோது கலங்காத நெஞ்சமில்லை. "பெண்ணுக்கு எதற்குக் காடு?" என்று கேட்கும் வாய்கள் எந்நாளும் உண்டு. அவர்களுக்கு நம் விடை இது: தீக்கு ஆண் பெண் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கோடையில் அந்தப் புல்வெளி எப்படி எரியும் என்று அறிந்தவர் முன்னே நடந்தாரா? திரும்பும் வழி சொல்லப்பட்டதா? நன்னன் நாட்டுக் கூத்தன் எதிர்வந்து எச்சரித்தானே, அப்படி எச்சரிக்க ஆள் இருந்ததா? அத்துயருக்குப் பின் அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 காட்டு வழிகளைத் திறந்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது. நல்ல தொடக்கம். ஆனால் அது கட்டணம் செலுத்துவோர்க்குரிய வழி. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வழி எது?

நாம் வேண்டும் பாசறை

ஆதலால் நாம் ஒன்று வேண்டுகிறோம். அரசுப் பள்ளி ஒவ்வொன்றும், ஆண்டுக்கு ஒருமுறையேனும், மாணவ மாணவியரை அருகிலுள்ள காட்டுக்குப் பயிற்சிப் பாசறையாக அழைத்துச் செல்லட்டும். திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்குப் பருவதமலையும் ஜவ்வாது மலையும் இருக்கின்றன. மலைவாழ் மக்களே முன் நடக்கட்டும். சுமைகூலியாக அன்று, ஆசானாக. அவருக்கு ஆசானுக்குரிய ஊதியமும் மதிப்பும் கிடைக்கட்டும். பகலில் மரத்தின் பெயரும் பாம்பின் தடமும் கற்கட்டும். இரவில் காவலோடு தங்கி விண்மீனைப் பார்க்கட்டும். அந்த ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில்தான் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்ணை நோக்கி நிற்கிறது. இராகு கேது கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, அங்கே நின்று நிலவையும் கோளையும் காணட்டும். சாதகக் கட்டம் தானே கிழியும்!

ஒரே பானையில் சோறு பொங்கட்டும். ஊரும் சேரியும் ஒரே தீயைச் சுற்றி உறங்கட்டும். வழுக்கும் பாறையில், நீட்டிய கையைப் பற்றுமுன் அது எந்தத் தெருவின் கை என்று எவனும் கேட்க மாட்டான்! நூறு மேடைகளில் நாம் பேசிப் பேசி ஏற்ற முடியாத பாடத்தை ஓர் இரவுக் காடு ஏற்றிவிடும்.

மலைபடுகடாம் ஓலையில் ஒளிந்து கிடந்தது. உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது வெளிச்சம் கண்டது. அச்சிலிருந்து அதை அடிக்குக் கொண்டுவருவது இனி நம் கடன். தோழர்காள்! பாட்டைப் படித்தவர்கள் காட்டுக்கு வாருங்கள். காட்டை அறிந்தவர்கள் பள்ளிக்கு வாருங்கள். வழி பிரியும் இடத்தில் நின்று, பின்னே வரும் பிள்ளைகளுக்காகப் புல் முடிந்து வைப்போம்.